பெரியாஸ்பத்திரி இருக்கும்போது காப்புறுதி எதற்கு?

என் தங்கையின் மகளுக்கு 26 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் கிழமையே அலுவலகத்தில் ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவக் காப்புறுதியில் சேர்ந்தால் மாதம் 2,400 ரூபா சம்பளத்தில் கழியும், மிச்சக் கட்டணத்தை நிறுவனம் கட்டும். வேண்டாம் என்றால் அடியில் இருக்கும் பெட்டியில் சரி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அன்று பின்னேரம் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, இது வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கப் போறன். எனக்கென்ன வருத்தம்? அப்பிடி ஏதும் வந்தாலும் பெரியாஸ்பத்திரி இருக்குத்தானே?"

"பொறு பிள்ளை. அதை இஞ்ச வைச்சிட்டுப் போ. வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்றேன்.

ஓய்வு பெறும்வரை என் அலுவலகத்தில் ஊழியர்களின் காப்புறுதிக் கோரிக்கைகளைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பும் வேலை என்னிடம்தான் இருந்தது. அவள் கேட்ட அதே கேள்வியைப் பல வருடங்களாகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் படிவத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தார்கள். சேர்ந்தவர்களும் அப்படித்தான், விட்டவர்களும் அப்படித்தான். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் சொன்ன காரணம். அதை அலட்சியம் செய்ய முடியாது. இலங்கையில் வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசாங்க வைத்தியசாலைகளையே நாடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த நம்பிக்கைக்கு நீண்ட வேர் உண்டு. அரசாங்க அதிபராக இருந்த டைக் 1850இல் தொடங்கிவைத்த வைத்தியசாலைதான் இன்றைய போதனா வைத்தியசாலை, நாம் சொல்லும் பெரியாஸ்பத்திரி. அதற்கும் முன்பே, 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், பிற்காலத்தில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். யுத்த காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாத நாட்களிலும் பெரியாஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. 2018 ஜூலையிலிருந்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வடக்கிலும் ஓடுகிறது. விபத்தோ நெஞ்சுவலியோ வந்தால் அந்த வண்டி காசு கேட்காமல் உங்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும், அங்கும் காசு கேட்க மாட்டார்கள். உயிர் போகிற அவசரத்துக்கு யாழ்ப்பாணத்தில் காப்புறுதி அட்டை தேவையில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் இதே நாட்டில்தான், மொத்தச் சுகாதாரச் செலவில் 40 வீதத்துக்கு மேல் மக்கள் தங்கள் கையிலிருந்து கட்டுகிறார்கள். சிகிச்சை இலவசம் என்றால் இந்தக் காசு எங்கே போகிறது? வாட்டுக்கு வெளியே போகிறது. கிளினிக்கில் திகதி பிந்திக் கிடைத்ததால் பின்னேரம் தனியாரில் டொக்டரை சனல் பண்ணுகிறோம், அதாவது காசு கட்டிப் பதிந்து சந்திக்கிறோம். காலையில் கிளினிக்கில் இருந்த அதே நிபுணர்தான் மாலையில் அங்கே இருப்பார், ஏனென்றால் கடமை நேரத்துக்கு வெளியே தனியாரில் பார்க்க அரச வைத்தியர்களுக்கு அனுமதி உண்டு. அவர் எழுதும் இரத்தப் பரிசோதனை, ஸ்கான், பாமசியில் இல்லாத மருந்துக்குப் பதிலாக எழுதும் விலை கூடிய மருந்து, எல்லாம் சட்டைப் பையிலிருந்து போகிறது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது வாட்டில் படுத்திருந்தவர்களுக்குக்கூட வெளியிலிருந்து ஊசி மருந்து வாங்கிக்கொண்டு வரச் சொன்ன நாட்கள் இருந்தன. அப்போது டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் அந்த ஏற்றம் நேரே மருந்துத் துண்டில் வந்து விழுந்தது. பிறகு டொலர் இறங்கினாலும் மருந்து விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

ஆகவே "பெரியாஸ்பத்திரி இருக்குத்தானே" என்பது பாதிக் கேள்விக்கான பதில். பெரியாஸ்பத்திரி செய்யாத மிச்சத்தை இந்தக் காப்புறுதி செய்யுமா என்பதுதான் மற்றப் பாதி. அதற்குப் பதில் படிவத்தின் முதல் பக்கத்தில் இல்லை.

சீட்டும் சங்கமும்

காப்புறுதியைப் பற்றி நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது, "வருத்தம் வராட்டில் கட்டின காசு போச்சுத்தானே?" என்பது. சீட்டுக் கட்டிப் பழகிய மனத்துக்கு இது இயல்பான கேள்வி. சீட்டில் போட்டது எப்படியும் ஒருநாள் கைக்கு வரும், முந்தியா பிந்தியா என்பதுதான் வித்தியாசம். காப்புறுதி அப்படியில்லை. ஆனால் நமது ஊர்களில் சீட்டு மாத்திரமா இருந்தது? மரண சகாய சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். பத்து வருடம் வீட்டில் சாவு விழவில்லை, காசைத் திருப்பித் தாருங்கள் என்று எவரும் போய்க் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்றுதான் நினைக்கிறோம். மருத்துவக் காப்புறுதி அந்த வகையைச் சேர்ந்தது. 1930களில் மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே நடத்தத் தொடங்கினார்கள். சுகமாக இருப்பவனும் வருத்தக்காரனும் ஒரே பெட்டியில் காசு போட்டு, தேவைப்பட்டவனுக்குச் செலவழிப்பது நமக்குப் புதிய எண்ணமல்ல.

நிறுவனத்தின் கூட்டுக் காப்புறுதி இந்தப் பெட்டியைப் பெரிய அளவில் செய்கிறது. நூறு பேர் சேர்ந்தால் ஒரு வருடத்தில் சிலருக்குத்தான் பெரிய செலவு வரும். சுகமான இளம் ஊழியர்கள் எல்லாரும் "எனக்கென்ன வருத்தம்" என்று விலகினால், பெட்டியில் மிஞ்சுவது நீரிழிவும் இருதய வருத்தமும் உள்ளவர்கள் மாத்திரம். அப்புறம் கட்டணம் எகிறும். அதனால்தான் காப்புறுதி நிறுவனங்கள் ஊழியர்களில் பெரும்பாலானோர் சேர வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. சில இடங்களில் சேர்வது கட்டாயம், அங்கே இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. அடுத்த வருடக் கட்டணத்தை இந்த வருடக் கோரிக்கைகளைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வாங்காத மருந்துக்குப் பில் எடுத்துப் போடுகிறவர் தன் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவரின் சம்பளத்திலிருந்துதான் எடுக்கிறார். என் மேசைக்கும் அப்படிப்பட்ட பில்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் மனம் நொந்திருக்கிறது.

எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்பதால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. தனியாளாகப் போய்க் காப்புறுதி வாங்கினால் உங்கள் உடல்நிலையை விசாரிப்பார்கள், பரிசோதனை செய்யச் சொல்வார்கள், முன்பே இருக்கும் வருத்தத்தை விலக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் பொறுப்பேற்பார்கள். கூட்டுக் காப்புறுதியில், வேலைக்குச் சேரும்போதே சேர்ந்தால், பெரும்பாலும் இந்த விசாரணை இல்லாமலே எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு சேர விரும்பினால் கதை வேறு.

இதை நான் என் வீட்டில் அனுபவித்தேன். ஒரு வருடம் எங்கள் நிறுவனம், ஊழியர் மேலதிகமாகக் கட்டினால் பெற்றோரையும் சேர்க்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அம்மா அப்போது சுகமாக, கிணற்றடியில் தன் துணியைத் தானே தோய்த்துக்கொண்டு இருந்தார். நான் வேண்டாம் என்று எழுதினேன். அடுத்த வருடம் அவருக்குச் சிறுநீரகத்தில் பிரச்சினை கண்டுபிடித்தார்கள். உடனே ஓடிப்போய்ச் சேர்க்கச் சொன்னேன். காப்புறுதி நிறுவனம் கிளினிக் கொப்பியைக் கேட்டது, பார்த்துவிட்டு மறுத்தது. அவர்கள் செய்ததில் பிழையில்லை, வீடு எரியத் தொடங்கிய பிறகு தீக்காப்புறுதி கேட்டவன் நான். ஆனால் நான் கையெழுத்திட்ட அந்த மறுப்புக் கடிதம் ஒரு வருடத்துக்கா, வேலையில் இருக்கும்வரைக்குமா என்று கேட்கக்கூட இல்லையே என்று பல இரவு யோசித்திருக்கிறேன். நீங்கள் கேளுங்கள். "இப்போது விட்டால் எப்போது, என்ன நிபந்தனையில் திரும்பச் சேரலாம்?" என்று எழுத்தில் கேளுங்கள். திருமணம், பிள்ளைப்பேறு, வருடாந்தப் புதுப்பிப்பு ஆகிய சமயங்களில் கதவு திறப்பதுண்டு. உங்கள் நிறுவனத்தில் எப்படி என்பது ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

கொழும்புக்கு எழுதிய பட்டியலை யாழ்ப்பாணத்திலிருந்து வாசித்தல்

மருமகளின் படிவத்தில் பெரிய எழுத்தில் இருந்தது, வருடத்துக்கு 5 இலட்சம் ரூபா வரை வைத்தியசாலைச் செலவு என்பது. எல்லாரின் கண்ணும் அந்த எண்ணில்தான் போய் நிற்கும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அது அவ்வளவு முக்கியமான எண் அல்ல என்பது என் கருத்து.

காரணம் இது. கொழும்பில் இருப்பவருக்குப் பக்கத்திலேயே பெரிய தனியார் வைத்தியசாலைகள் பல. சத்திரசிகிச்சையோ தீவிர சிகிச்சையோ அங்கேயே முடியும், அந்த 5 இலட்சம் அங்கே பயன்படும். யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியசாலைகள் இருக்கின்றன, நன்றாகவும் செய்கிறார்கள். ஆனாலும் நிலைமை மோசமானால் அங்கிருந்தும் பெரியாஸ்பத்திரிக்கே அனுப்புவார்கள். புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து காசு சேர்த்துக் கட்டிய புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. அதற்கும் மேல் என்றால் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலை. எல்லாம் அரசாங்கம். ஆக, நம்மில் பலர் அந்தப் பெரிய வரம்பைத் தொடாமலே பெரிய வருத்தத்தைக் கடந்துவிடுகிறோம். அதைத் தொடுவது, கொழும்புத் தனியாருக்குப் போக முடிவெடுக்கும்போது. இதய பைபாஸ் போன்ற சத்திரசிகிச்சை அங்கே பத்து இலட்சத்தைத் தாண்டுவது இப்போது சாதாரணம், 5 இலட்சம் அதில் பாதிக்கும் வராது. மிச்சத்தை யார் கட்டுவது என்பதை அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

அப்படியானால் எந்த வரிகளைப் பார்ப்பது? பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ஓ.பி.டி. (வெளிநோயாளர்) வரம்பைப் பாருங்கள். சனல் கட்டணம், பரிசோதனை, ஸ்கான், மருந்து, கண்ணாடி என்று வாட்டில் படுக்காமல் ஆகும் செலவுகள் இதற்குள் வரும். வருடத்துக்கு 40,000 ரூபா என்று போட்டிருந்தால், யாழ்ப்பாணத்து ஊழியருக்கு அந்த 40,000 அநேகமாக அந்த 5 இலட்சத்தைவிடப் பெறுமதியானது, ஏனென்றால் அதை வருடாவருடம் உண்மையிலேயே செலவழிப்பார். மருமகள் கட்டுவது வருடத்துக்கு 28,800. ஓ.பி.டி. இல்லாத திட்டமாக இருந்தால் நான் வேறு விதமாகப் பேசியிருப்பேன்.

அடுத்தது, அரசாங்க வைத்தியசாலையில் தங்கினால் நாளுக்கு இவ்வளவு என்று தரும் கொடுப்பனவு. பல திட்டங்களில் இது இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வாட்டில் பத்து நாள் இருந்தவர், வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்டின் பிரதியை இணைத்து அனுப்பினால் அந்தக் காசு வரும். பில் எதுவும் தேவையில்லை. கூட நிற்பவரின் சாப்பாடு, ஓட்டோக் காசு, சம்பளமில்லாத லீவு, இவற்றுக்கெல்லாம் அது கைகொடுக்கும். என் மேசைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் "நான் கவண்மேந்து ஆஸ்பத்திரியிலதானே இருந்தனான், என்னத்தைக் கேக்கிறது" என்று பேசாமல் போனவர்கள். கூப்பிட்டு உட்காரவைத்துப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிறகு, அட்டையைக் காட்டிக் காசு கட்டாமல் வெளியே வரலாம் என்ற வசதி. அது காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் உள்ள வைத்தியசாலைகளில்தான் நடக்கும். பட்டியலில் யாழ்ப்பாணத்தில் எது இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் முதலில் நீங்கள் கட்டி, பில்லை அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து பெற வேண்டும். கையில் புரட்டக் காசு இல்லாதவருக்கு அந்தக் காப்புறுதி அந்த நேரத்தில் இல்லாத மாதிரித்தான்.

பில் விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் டிஸ்பென்சரியில் டொக்டர் பார்த்து, மருந்தைச் சின்னக் கடித உறைகளில் போட்டுத் தந்து, மொத்தமாக ஒரு தொகை வாங்குவார். பில் இல்லை. கேட்டால் தருவார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுகிறோம். டொக்டரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கம் உள்ள முத்திரை, நோயின் பெயர், மருந்தின் விபரம், திகதி ஆகியவை இருந்தால்தான் கோரிக்கை ஏறும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் கட்டியதற்கு எந்தப் படிவத்திலும் இடமிருக்காது. கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றால் ஏற்பார்களா என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். சித்த வைத்தியத்தை நம்பும் குடும்பம் என்றால் இதைக் கட்டாயம் கேட்டுவையுங்கள்.

மகப்பேற்றைப் பற்றிச் சுருக்கமாக. அதற்குத் தனி வரம்பு இருக்கும், பெரும்பாலும் சிறியது. சேர்ந்து இத்தனை மாதம் கழிந்த பிறகே கிடைக்கும் என்ற காத்திருப்புக் காலமும் இருக்கலாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் அந்தக் கணக்கு சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்கும். 84 நாள் மகப்பேற்று விடுமுறை சட்டப்படியான உரிமை, அதற்கும் காப்புறுதிக்கும் தொடர்பில்லை.

விட்டால் என்ன கிடைக்கும்?

நிறுவனமே முழுக் கட்டணத்தையும் கட்டுகிறது என்றால், விடுவதற்கு நான் ஒரு காரணத்தையும் காணவில்லை. விட்டால் அந்தக் காசு உங்கள் கையில் வராது.

ஊழியரும் ஒரு பங்கு கட்டுகிறார், அல்லது விட்டால் பதிலுக்கு மாதம் ஒரு தொகை தருகிறார்கள் என்றால்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே வரியையும் சேருங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, எல்லா முழுநேர ஊழியர்களுக்கும் சமமான நிபந்தனையில் கிடைக்கும் மருத்துவ, பல், உடல்நலக் காப்புறுதிச் செலவு ஊழியரின் வருமானமாகக் கணிக்கப்படாது. அதையே காசாக வாங்கினால் அது சம்பளம். 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சத்துக்கு மேல் உழைப்பவருக்குத்தான் வரி தொடங்குகிறது, அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அப்புறம் 18 வீதத்துக்குத் தாவுகிறது. மாதம் 3,000 ரூபா பதில்காசு என்றால் வருடத்துக்கு 36,000. 6 வீதக்காரருக்கு 2,160 வரியாகப் போகும், 18 வீதக்காரருக்கு 6,480. மருமகளின் சம்பளத்துக்கு வரியே இல்லை. அவளுடைய மேலாளருக்கு இது பொருட்படுத்த வேண்டிய தொகை.

விடுவது சரியான முடிவாக இருக்கும் இடங்களும் உண்டு. கணவன் மனைவி இருவரில் ஒருவரின் நிறுவனம் முழுச் செலவில் குடும்பத்தையும் சேர்த்துக் காப்புறுதி தருகிறது, மற்றவரின் திட்டத்தில் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், வரம்பும் சின்னது என்றால் இரண்டாவதை விடலாம். இரண்டும் இருந்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுக்காசு வாங்க முடியாது. முதல் நிறுவனம் கட்டியது போக மிச்சத்தை மாத்திரம் இரண்டாவதில் கேட்கலாம். துணைவர் ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருந்தால் அவருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கும். யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் இந்தச் சேர்க்கைதான்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் வங்கியில். அக்ரஹார இருக்கிறது என்பதற்காக வங்கித் திட்டத்தை உடனே விடாதீர்கள். அக்ரஹாரவில் எந்தப் பிரிவில் கட்டுகிறார், அதில் ஓ.பி.டி. செலவுக்கு என்ன இருக்கிறது என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு, காத்திருப்புக் காலமே நாலைந்து மாதம் என்றால், கட்டுவதில் அர்த்தமில்லை. கடன் தவணை கட்டவே சம்பளம் போதாதவருக்கு 2,400 ரூபா அரிசிக்கும் பால்மாவுக்குமான காசு. அவர் விட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோரிக்கைப் படிவம் அலுவலகத்தின் வழியாகத்தான் போகும். நோயின் பெயர் அதில் இருக்கும். யாழ்ப்பாணம் சின்ன ஊர், மனிதவளப் பிரிவில் இருப்பவர் உங்கள் மச்சாளின் வகுப்புத் தோழியாக இருப்பார். மனநல வைத்தியரைப் பார்த்த பில், பிள்ளையில்லை என்று எடுத்த சிகிச்சையின் பில், இவற்றை என்னிடம் தரக் கை நடுங்கிய பெண்களைக் கண்டிருக்கிறேன். சிலர் தராமலே தம் காசில் முடித்தார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் அதற்காகக் காப்புறுதியை விட வேண்டியதில்லை. கோரிக்கையை நேரே காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசிச் செயலியிலோ ஒட்டிய உறையிலோ அனுப்ப முடியுமா என்று கேட்கலாம், பல இடங்களில் முடியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட மேசையில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அந்தத் தாளில் வாசித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள்.

சேர்வதென்றால் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள். இருக்கிற பிரஷரை இல்லை என்று எழுதிச் சேர்ந்து, இருதயத்துக்குக் கோரிக்கை போகும்போது பழைய கிளினிக் கொப்பி அகப்பட்டால், அவர்கள் கட்ட மறுப்பதற்கு அதுவே போதும். நியாயமில்லாமல் மறுத்ததாகத் தோன்றினால் முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அங்கேயும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணமில்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது.

வேலையோடு வந்தது வேலையோடு போகும்

கூட்டுக் காப்புறுதியின் பெரிய பலவீனம் இது. வேலையை விட்ட நாளே அது நிற்கிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அதாவது 60 வயதுவரை சுகமான உடம்புக்குக் கட்டி, வருத்தங்கள் வரிசையாக வரத் தொடங்கும்போது வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறோம். அந்த வயதில் தனியாகக் காப்புறுதி எடுக்கப் போனால் கட்டணம் மலைபோல இருக்கும், அல்லது எடுக்கவே மாட்டார்கள். நான் அப்படித்தான் வந்தேன். நாற்பது வயதிலேயே சின்னதாக ஒரு தனிக் காப்புறுதியும் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. நிறுவனத் திட்டம் இருக்கிறதே என்று அப்போது தோன்றவில்லை.

காப்புறுதிக்கு வெளியேயும் சில வாசல்கள் உண்டு, முடிவெடுக்கும்போது அவற்றையும் எண்ணிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தனியார் ஊழியருக்கும் நிறுவனம் சம்பளத்தில் 3 வீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டுகிறது. இதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை போன்றவற்றுக்கு அந்த நிதியத்தில் உதவி கேட்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருடம் கடந்தவர்கள் மருத்துவத் தேவைக்காக 30 வீதம்வரை முன்கூட்டியே எடுக்க வழியிருக்கிறது. அது முதுமைக்கு வைத்த காசு, கடைசியாகத் தொட வேண்டியது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இவை எல்லாம் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கான கைத்தாங்கல். மாதாமாதம் சனலுக்கும் பாமசிக்கும் போகிற காசுக்கு இவற்றில் எதுவும் உதவாது.

வெளிநாட்டில் அண்ணன் இருக்கிறார், அனுப்புவார் என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அனுப்புவார்கள், அனுப்பியும் இருக்கிறார்கள். ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு 8,000 ரூபா வேண்டும் என்று கனடாவுக்கு எவரும் அழைப்பு எடுப்பதில்லை. பரிசோதனையைத்தான் அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறோம்.

மறுநாள் மருமகள் வந்தபோது நான் ஒரு தாளில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஓ.பி.டி. வரம்பு எவ்வளவு? யாழ்ப்பாணத்தில் அட்டை எங்கே செல்லும்? இப்போது விட்டால் எப்போது திரும்பச் சேரலாம்? அம்மாவைச் சேர்க்கலாமா? கடைசிக் கேள்வியைப் பார்த்து நிமிர்ந்தாள். அந்த வீட்டில் மருந்துக்குச் செலவு வைப்பது அவளில்லை, நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் என் தங்கைதான்.

இரண்டு நாளில் பதில் கொண்டுவந்தாள். ஓ.பி.டி. 40,000. யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு தனியார் வைத்தியசாலையில் அட்டை செல்லும், அதுவும் தங்கினால் மாத்திரம். இப்போது விட்டால் புதுப்பிக்கும்போது சேரலாம், ஆனால் மருத்துவப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். திருமணமாகாத ஊழியர் பெற்றோரில் ஒருவரைச் சேர்க்கலாம், 60 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மாதம் இன்னும் 3,100 ரூபா, முன்பே இருக்கும் நோய்க்கு முதல் வருடம் எதுவும் கிடைக்காது.

"அம்மாவுக்கு 57 தானே மாமா?"

"வாற தைக்கு 58."

"அப்ப ரெண்டு வருசம். ஒரு வருசம் சும்மா கட்டோணும், ஒரு வருசம் பிரயோசனப்படும்."

வாசலடியில் இருந்து நெடுநேரம் கணக்குப் பார்த்தோம். இரண்டு வருடத்தில் 74,400 ரூபா கட்டினால், 60ஆவது பிறந்தநாளோடு அது நின்றுவிடும். தன் பெயரில் மாத்திரம் சேர்ந்து, அந்த 3,100ஐ மாதாமாதம் அம்மாவின் வங்கிக் கணக்கில் தனியாகப் போட்டுவைப்பது என்று முடிவெடுத்தாள். அம்மாவின் கிளினிக்கும் மருந்தும் பெரியாஸ்பத்திரியிலேயே தொடரட்டும், அங்கே இல்லாததை அந்தக் காசில் வெளியே பார்க்கலாம் என்றாள். நான் அவளிடத்தில் இருந்திருந்தால் அம்மாவையும் சேர்த்திருப்பேனோ தெரியாது, என் அம்மாவின் நினைப்பு என்னை அந்தப் பக்கம் இழுக்கிறது. ஆனால் அவளுடைய கணக்கில் பிழையில்லை.

படிவத்தில் "சேர்கிறேன்" என்ற பெட்டியில் சரி போட்டாள். அடுத்த நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அதைப் பிரதியெடுத்து, ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.